பல்கலைக்கழகம் போனால் பள்ளிக்கூடம் வருமா?



சென்ற மாதக் கூட்டம் முடிந்து தேநீர் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது ஒரு பேச்சு எழுந்தது. சரக்கு வரி, எடைக்கல் முத்திரை, ஆன்லைன் கம்பெனிகளின் தள்ளுபடி என்று வழக்கமாகப் பேசுகிற பேச்சு அல்ல. நம் உறுப்பினர் ஒருவர், திருவல்லிக்கேணியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பேத்திக்குப் பள்ளியில் இடம் தேடி அலைந்த கதையைச் சொன்னார். கடைசியில் கிடைத்த பள்ளி மூன்று மாடிக் கட்டடமாம். பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. விளையாட்டு வகுப்பு மொட்டை மாடியில் நடக்கிறதாம்.

"அண்ணாச்சி, சேப்பாக்கத்துல பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு இடம் இருக்குன்னு தினமும் பாத்துக்கிட்டுத்தான் போறேன். அங்க படிக்கிறவங்க எல்லாம் பெரிய பிள்ளைங்க. பஸ் ஏறி எங்க வேணும்னாலும் போவாங்க. அதைத் தூக்கி ஊருக்கு வெளிய வச்சிட்டு, அந்த இடத்தை நாலு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தா என்ன? நம்ம சங்கம் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாமில்ல?" என்றார்.

கூட இருந்தவர்களில் பாதிப் பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் கூடாது என்றார்கள். கூடாது என்றவர்களில் பெரும்பாலோர் மேன்ஷன்களுக்கும் மெஸ்களுக்கும் சரக்குப் போடுகிறவர்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் கருத்தைக் கேட்டார்கள். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. இடம் மாறிப் பிழைத்தவன் நான். ஆகவே யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த உறுப்பினர் கேட்டது நியாயமான கேள்வி. நம் கடை வியாபாரம் குறையுமே என்பதற்காக மட்டும் அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

பள்ளிக்கு இடம் வேண்டும் என்பது சும்மா பேச்சல்ல

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நெருக்கமான ஒரே கட்டடத்தில் பள்ளிகளை நடத்தி, கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக் கட்டடம், படிக்கட்டு, இடம் எல்லாவற்றையும் அரசு கெடுபிடியாகப் பார்க்கத் தொடங்கியது. மெட்ரிக் பள்ளி என்றால் மாநகராட்சி எல்லைக்குள் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராமத்தில் 3 ஏக்கர் நிலம் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். மாநகராட்சிக்கு வைத்ததுதான் ஆகக் குறைந்த அளவு. 6 கிரவுண்டு என்றால் 14,400 சதுர அடி. நம்மில் சிலருடைய குடோன்களே அதைவிடப் பெரியவை. அந்தக் குறைந்த அளவுகூட இல்லாமல், தற்காலிக அங்கீகாரத்தை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக் கொண்டு வந்த பள்ளிகள் ஏராளம்.

சென்னையில் 6 கிரவுண்டு என்ன விலை என்று வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விலை கொடுத்து இடம் வாங்குகிற பள்ளி, அதைக் கட்டணத்தில்தான் எடுக்கும். நாம் சரக்கு வாங்கிய விலையை விற்பனை விலையில் சேர்ப்பதைப் போலத்தான். ஆகவே அரசு நிலம் கிடைத்தால் பள்ளி மலிவாக நடக்கும் என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த நிலம் சேப்பாக்கத்தில் இருப்பதால் யாருக்குப் பயன் என்பதுதான் கேள்வி.

நான் இடம் மாறிய கதை

1996இல் கொத்தவால்சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவுடைய வெங்காய மண்டியை நான் கவனித்துக் கொண்டிருந்தேன். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தையை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சிருந்தது. நாசிக்கிலிருந்து வருகிற லாரி சாவடிக்குள் நுழைய முடியாது. வெளியே நிறுத்தி, கைவண்டியில் மூட்டையை ஏற்றி, சந்துக்குள் தள்ளிக் கொண்டு வருவோம். மழை பெய்தால் அழுகிய காயும் சேறும் கணுக்காலுக்கு மேலே நிற்கும். அந்த வழியாகப் போகிற பொதுமக்கள் மூக்கைப் பொத்திக் கொண்டுதான் போவார்கள். மாற்ற வேண்டியது நியாயம்தான் என்பது எங்களுக்கே தெரியும். ஆனாலும் எதிர்த்தோம், ஊர்வலம் போனோம், கடையை அடைத்தோம். அப்பா கடைசிவரை கோயம்பேட்டுக் கடையில் கல்லாவில் உட்காரவே இல்லை. "அது மண்டி இல்லடா, ரயில்வே ஸ்டேஷன்" என்பார்.

போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் ஈ ஓட்டினோம். பிறகு லாரி வந்தது. லாரி வந்ததும் வியாபாரி வந்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட மொத்த விற்பனைக் கடைகள் அங்கே இருக்கின்றன. சாவடியில் ஒரு நாளில் நான் தள்ளிய சரக்கைப் போல் பல மடங்கு கோயம்பேட்டில் தள்ளினேன். இதை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது.

ஆனால் எல்லோரும் பிழைத்தார்களா? இல்லை. பாரிமுனைப் பக்கம் சிறிய மெஸ் வைத்திருந்தவர்கள், காலையில் நடந்து வந்து ஐந்து கிலோ வெங்காயம், மூன்று கிலோ உருளைக்கிழங்கு வாங்கிப் போனவர்கள், கோயம்பேட்டுக்கு வரவில்லை. ஐந்து கிலோவுக்கு ஆட்டோ வைத்தால் கட்டுமா? என் கடன் பேரேட்டில் அப்படி நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஓராண்டில் பத்துப் பேர்கூட மிஞ்சவில்லை. பாக்கியை வசூலிக்கப் போனபோது சிலருடைய கடையே இல்லை. கைவண்டி இழுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள நான் முயலவும் இல்லை என்பதுதான் உண்மை.

இதிலிருந்து நான் கற்றுக் கொண்டது, பெரிய சரக்கு எங்கே வைத்தாலும் வாங்குகிறவன் தேடி வருவான், சில்லறை வராது என்பதே. பல்கலைக்கழகம் பெரிய சரக்கா, சில்லறையா என்று கேட்டால், இரண்டும்தான். ஆராய்ச்சி செய்கிறவர் எங்கிருந்தாலும் வருவார். மதிப்பெண் பட்டியலில் பெயர் தவறாக இருக்கிறது என்று திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து வருகிற கல்லூரிப் பெண், தொலைதூரக் கல்வியில் படிக்கிற நம் கடைப் பையன், தேர்வுக் கட்டணம் கட்ட வருகிறவர், இவர்களெல்லாம் சில்லறை. இவர்களுக்காகத்தான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் இருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் பறக்கும் ரயில் விட்டார்கள். 2007இல் அது வேளச்சேரி வரை போயிற்று. இவ்வளவு பொதுப் பணத்தைப் போட்டு வழி செய்துவிட்டு, வருகிறவர் தேடி வந்த இடத்தையே வேறெங்கோ கொண்டு போவதா?

பாரிமுனையில் நடந்தது

இது வெறும் கற்பனைக் கணக்கில்லை. நம் கண் முன்னாலேயே ஒரு கல்லூரி ஊரை விட்டுப் போயிருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரியைச் சொல்கிறேன். 1891இல் தொடங்கிய கல்லூரி. ஹென்றி இர்வின் கட்டிய சிவப்புக் கட்டடம். 2008 நவம்பரில் மாணவர்களுக்குள் நடந்த மோதலைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதைப் பற்றி விசாரித்த நீதிபதி சண்முகம் ஆணையம் கல்லூரியை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று சொன்னது. 2018இல் கல்லூரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்திலும், மற்றொன்றைத் திருவள்ளூர் பக்கம் பட்டரைப்பெரும்புதூரிலும் வைத்தார்கள். மாணவர்கள் போராடிப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

மோதலை நிறுத்துவதற்கு அது வழியா இல்லையா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. கடைக்காரனாக நான் பார்த்ததைச் சொல்கிறேன். என்னிடம் வாடிக்கையாக வெங்காயம் எடுக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இன்றும் அவரிடம் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஆனால் இரவுச் சாப்பாடு போய்விட்டது. இரவில் அந்தத் தெருவில் சாப்பிட்டவர்கள் மாணவர்கள்தான். நாளுக்கு இருபது கிலோ எடுத்தவர் எட்டுக் கிலோவுக்கு இறங்கினார். சட்டப் புத்தகக் கடைகளும் ஜெராக்ஸ் கடைகளும் நீதிமன்றத்தை நம்பி நிற்கின்றன. நீதிமன்றமும் இல்லாமல் கல்லூரி மட்டும் இருந்து, அதுவும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கட்டடம் பள்ளிக்கூடமாகவில்லை. நீதிமன்றத்தின் உபயோகத்துக்குப் போயிற்று. பக்கத்தில் யாருக்கு இடநெருக்கடியோ, யாருக்குச் செல்வாக்கோ, அவர்களுக்குத்தான் காலியான இடம் போகும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தை காலியானாலும் அப்படித்தான். 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புத்தகக் கடையும் வரவில்லை, பள்ளியும் வரவில்லை. சென்ட்ரலுக்குப் புறநகர் ரயில் நிலையம் வந்தது.

காலி நிலம் யாருக்குப் போகிறது

அரசு நிலத்தில் இருக்கிற கல்வி நிலையத்தைக் கிளப்ப வேண்டும் என்ற பேச்சு சென்னைக்குப் புதிதல்ல. 2003இல் கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அரசு அறிவித்தது. 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. அந்தப் பெண்கள் வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் அதில் இருந்தார்கள். ஆட்சி அதைக் கைவிட்டது. பிறகு கோட்டூர்புரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பக்கம் பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. 2010இல் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகம் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. அலுவலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்தக் கட்டடம் மருத்துவமனை ஆயிற்று. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போவதாக 2011 நவம்பரில் அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது.

எந்தக் கட்சியையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு காரணத்தைச் சொல்லி ஒரு நிலத்தைக் காலி செய்தால், அந்தக் காரணம் நிறைவேறும்வரை அதே மனது இருக்குமா என்று நான் கேட்கிறேன். பள்ளிக்கென்று சொல்லிப் பல்கலைக்கழகத்தைக் கிளப்புவார்கள். ஐந்து ஆண்டு கழித்து அங்கே நிற்பது பள்ளியாக இருக்கும் என்று நாம் எழுதிக் கொடுத்த மனு உத்தரவாதம் தருமா? வாங்குகிற சரக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, வேறு சரக்கு வந்து இறங்கினால் திருப்பியனுப்ப நமக்கு வழியுண்டு. இதில் அந்த வழி இல்லை.

மேலும், சேப்பாக்கத்தில் இருப்பது வெறும் மனை அல்ல. 1857இல் பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. செனட் மண்டபத்தைச் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் 1874 முதல் 1879 வரை கட்டினார். அதை இடிக்க முடியாது, இடிக்கவும் கூடாது. இடிக்காமல் அதில் ஒன்றாம் வகுப்பு நடத்துவது எப்படி? இந்தப் பல்கலைக்கழகம் இடம் போதாமல் போனபோது கிண்டிக்கும் தரமணிக்கும் பிரிந்து போயிருக்கிறது. பம்பாயும் அப்படியே கலீனாவில் பெரிய வளாகம் வைத்துக் கொண்டு கோட்டைப் பகுதியில் உள்ள பழைய இடத்தையும் விடவில்லை. கல்கத்தாவில் கல்லூரித் தெரு என்றே ஒரு தெரு. பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் புத்தகக் கடைகள் மைல் கணக்கில் இருக்கின்றன. நம் பாரதி சாலையில், பைகிராப்ட்ஸ் ரோடு என்று நான் சொல்லிப் பழகிய தெருவில், பழைய புத்தகம் விற்றவர்கள் அந்த வியாபாரத்தின் தம்பிகள்.

சிங்கப்பூரில் செய்து பார்த்தார்கள்

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதி சிங்கப்பூரில் நடந்தது. சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கிற உறவினர்கள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களைக் கேட்டால் தெரியும். அந்த ஊர் நடுவே பிராஸ் பாசா சாலையைச் சுற்றிப் பெரிய பெரிய பள்ளிகள் இருந்தன. ராபிள்ஸ் பள்ளி 1837 முதல் அங்கே. கான்வென்ட் 1854 முதல். செயின்ட் ஜோசப் பள்ளி அதை ஒட்டி. நகரத்துக்குள் இருந்த குடும்பங்களை அரசு அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டு போயிற்று. பிள்ளைகள் போனார்கள், பின்னாலேயே பள்ளிகளும் போயின. ராபிள்ஸ் 1972இல் போயிற்று. அந்த இடத்தில் 1986இல் பெரிய வணிக வளாகமும் ஓட்டலும் வந்தன. கான்வென்ட் 1983இல் தோ பாயோவுக்குப் போயிற்று. பழைய இடம் 1996இல் சாப்பாட்டுக் கடைகளும் கேளிக்கையும் உள்ள வளாகம் ஆயிற்று. செயின்ட் ஜோசப் 1987இல் போயிற்று. கட்டடம் ஓவியக் காட்சிசாலை ஆயிற்று. அதே காலத்தில் பல்கலைக்கழகமும் புக்கிட் தீமாவிலிருந்து கென்ட் ரிட்ஜ் என்ற மேட்டுக்குப் போயிற்று.

பிறகு நகர நடுவில் இளம் பிள்ளைகளே இல்லை என்ற குறை தெரிந்தது. அந்த அரசே புதிதாக ஒரு மேலாண்மைப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தி, 2005இல் அதே பிராஸ் பாசாவில் கொண்டு வந்து வைத்தது! பள்ளி இருந்த ஊர் நடுவுக்குப் பல்கலைக்கழகத்தை அழைத்து வந்தார்கள். பணக்கார அரசு, நினைத்ததை நினைத்த நாளில் செய்ய முடிகிற அரசு. அவர்களுக்கே முதலில் போக விட்டதைத் திரும்பக் கொண்டு வர இத்தனை ஆண்டு பிடித்தது.

அங்கே ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பிள்ளைகள் எங்கே போனார்களோ அங்கே பள்ளியை வைத்தார்கள். நாம் செய்தது என்ன? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டு போய் வைத்தோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பள்ளி நடக்கிற ஆண்டின் நடுவிலேயே பெட்டி படுக்கையோடு ஏற்றி அனுப்பினார்கள். பிள்ளைகள் பழைய பள்ளிக்கு விடியற்காலையில் பஸ் ஏறி வந்தார்கள். பலர் வராமலே நின்றுவிட்டார்கள். பள்ளிக்கு நிலம் கேட்டு மனு எழுதுவதானால் முதல் மனு பெரும்பாக்கத்துக்காக எழுத வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 8ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் பள்ளி கட்டினால் அந்த 1 கிலோமீட்டரில் பாதி கடலில் போய்விடும். மீன் குஞ்சுகளுக்கா பாடம் நடத்துவது?

என் குடோனில் இருக்கும் கரும்பலகை

இதுவரை எழுதியது பிறரைப் பற்றி. இனி எழுதுவது என்னைப் பற்றி. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வெங்காய மண்டி கோயம்பேட்டுக்குப் போனாலும், எங்களுடைய புளி, வற்றல் மிளகாய் வியாபாரம் ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது. அதற்குக் குடோன் தேடியபோது ஒரு தரகர் ஒரு கட்டடத்தைக் காட்டினார். பழைய காலத்து இரண்டு கட்டு வீடு; உள்ளே முற்றம். அதில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்று வாடகைக்கு நடந்து கொண்டிருந்தது. பிள்ளைகள் இருபது பேருக்குக் கீழே போனதால் மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கு வாங்கிய வாடகையைப் போல் ஆறு மடங்கு என்னிடம் கேட்டார். நான் பேரம் பேசி ஐந்து மடங்குக்கு முடித்தேன். நல்ல பேரம் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கட்டடத்தின் சுவரில் சிமெண்டுக் கரும்பலகை இன்றும் இருக்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளை அதில்தான் எத்தனை சிப்பம் வந்தது, எத்தனை போயிற்று என்று சாக்பீஸால் எழுதி வைப்பார்.

பிள்ளைகள் ஏன் இருபதுக்குக் கீழே போனார்கள்? அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். ஏன் போனார்கள்? வீட்டுக்கு வீடு குடோன் ஆயிற்று. இரவு முழுவதும் லாரி. மிளகாய் நெடியில் குழந்தைகள் இருமல். குடியிருக்கிறவர் கொடுக்கிற வாடகையைப் போல் நாலு மடங்கு வியாபாரி கொடுக்கத் தயார். முதலில் வீடு குடோன் ஆயிற்று. பிறகு பள்ளி குடோன் ஆயிற்று. பல்கலைக்கழகம் ஒரு அங்குலம் நிலத்தையும் அங்கே எடுத்துக் கொள்ளவில்லை. எடுத்துக் கொண்டவர்கள் நாம்.

கொத்தவால்சாவடிச் சந்தை நடந்த நிலம் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தானத்துக்கு உரியது. அந்தத் தேவஸ்தானம் பள்ளிகளும் பெண்கள் கல்லூரியும் நடத்தி வருகிறது. நாங்கள் சாவடியில் வெங்காயம் விற்றுக் கொடுத்த வாடகையில் ஒரு பங்கு பாடம் படித்திருக்கும் என்று நினைத்துக் கொள்வேன். பழைய வணிகர்கள் சந்தை வருமானத்தைப் பள்ளிக்குத் திருப்பினார்கள். நான் பள்ளியை மூட்டைக்குத் திருப்பினேன். மளிகைக்கடை உறுப்பினர் "பல்கலைக்கழக இடத்தைக் கொடுத்தால் என்ன" என்று கேட்டபோது என் வாய் திறக்காததற்கு இதுதான் காரணம்.

நாம் கேட்க வேண்டியது

பல்கலைக்கழகத்தைக் கிளப்பச் சொல்லும் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் மனுவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நகரத்துக்குள் மாநகராட்சிப் பள்ளிகள் பல பிள்ளைகள் குறைந்து கிடக்கின்றன. கட்டடம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். நம் பிள்ளைகள் இல்லை. கடையில் வேலை செய்கிற பையனின் மகளை அங்கே சேர்க்கச் சொல்லும் நாம், நம் பேத்தியை மொட்டை மாடிப் பள்ளிக்கு அனுப்புகிறோம். இதைச் சொன்னதும் அந்த உறுப்பினருக்குக் கோபம் வந்தது. "உங்க பேரனை எங்க சேர்த்தீங்க அண்ணாச்சி?" என்றார். நானும் அப்படித்தான் சேர்த்தேன். கட்டணம் கட்டியே சேர்த்தேன். ஆகவே கோபித்துக் கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது நிலமல்ல, நேரம். அங்கே உள்ள திறந்தவெளியையும் விளையாட்டு இடத்தையும் வாரத்தில் சில நாள் காலையில் திருவல்லிக்கேணிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லலாம். காவலாளிச் செலவையும் தண்ணீர்ச் செலவையும் சங்கம் ஏற்கலாம். ஆயுத பூஜைக்கும் மாநாட்டுக்கும் நாம் செய்கிற செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. மொட்டை மாடியில் குதிக்கிற குழந்தை மண்ணில் குதிப்பதற்கு யாரும் எங்கும் இடம் பெயர வேண்டியதில்லை. அந்த உறுப்பினர் இதைக் கேட்டு, "கேட் திறப்பாங்களா?" என்றார். கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

அதோடு மனைப்பிரிவு போடும்போது பள்ளிக்கென்றும் பொது உபயோகத்துக்கென்றும் வரைபடத்தில் ஒதுக்கிய இடங்கள் புறநகரில் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் எத்தனையில் பள்ளி இருக்கிறது, எத்தனையில் கல்யாண மண்டபமும் கடையும் இருக்கின்றன என்று அங்கே உள்ள நம் கிளைச் சங்கங்களுக்குத் தெரியும். கடை இருந்தால் அது நம் உறுப்பினர் கடையாகவும் இருக்கலாம். அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

என் குடோன் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்தம் வருகிற தை மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மாதவரம் பக்கம் குடோன் பார்த்திருக்கிறேன். லாரிக்கும் அதுதான் சௌகரியம். மிளகாய் இல்லாத கட்டடத்துக்குப் பள்ளி திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. குடியிருப்பே இல்லாத தெருவில் அது நடக்காது. மாலை நேரத்தில் சுமை தூக்குவோர், கடைப் பையன்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடமாக வைக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "அந்த வாடகையை யார் தருவா?" என்றார். என் பங்காகப் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும்.

இதே போல மூடிய பள்ளிக் கட்டடங்களைக் குடோனாகவும் கடையாகவும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் தெரு, கட்டட எண், ஒப்பந்தம் முடியும் மாதம் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். யார் பெயரும் வெளியிடப்பட மாட்டாது. மளிகைக்கடை உறுப்பினரும் நானும் சேர்ந்து பட்டியலைத் தயார் செய்து அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கிறோம்.